பால் ஸ்வீசியையும் ‘மன்த்லி ரிவியூ’வையும் படிக்கத் தொடங்குபவர்களுக்கு: எதை, எங்கே, எந்த வரிசையில்

பி.ஏ. பொருளாதாரம் படித்தவர்களுக்கு ஸ்வீசி என்ற பெயர் ஒரு படமாகத்தான் ஞாபகம் இருக்கும். நடுவில் முறிந்து கீழே இறங்கும் ஒரு தேவைக்கோடு. வகுப்பில் ‘கிங்க்ட் டிமாண்ட் கர்வ்’ என்று சொல்லித்தருவார்கள். பத்து மதிப்பெண் கேள்விக்கு வரைந்துவிட்டு வருவோம், அதோடு சரி. அமெரிக்க மார்க்சியப் பொருளியலாளரான அதே ஸ்வீசி 1949 மே மாதம் எழுத்தாளர் லியோ ஹூபர்மனோடு சேர்ந்து நியூயார்க்கில் ‘மன்த்லி ரிவியூ’ என்ற சோஷலிசப் பத்திரிகையைத் தொடங்கினார் என்பதும், எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாமல் அது இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது என்பதும் பாடப்புத்தகத்தில் இருக்காது.

அவரை முழுதாகப் படித்துவிட வேண்டும் என்று இறங்குகிறவர்கள் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எங்கே தொடங்குவது என்று சொல்ல ஆள் இல்லாததுதான் காரணம். நானும் வழிகாட்ட ஆளில்லாமல், கிடைத்ததையெல்லாம் முன்னும் பின்னுமாகப் படித்துத் தட்டுத்தடுமாறித்தான் ஒரு வரிசைக்கு வந்தேன். அந்த வரிசையை இங்கே தருகிறேன். வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஆறு மாதத்தில் அடிப்படை நூல்களை முடித்துவிடலாம்.

1. கையில் ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்

ஸ்வீசி 60 ஆண்டுகளுக்கும் மேல் எழுதியவர். சீனா, கியூபா, சோவியத் யூனியன், நிலப்பிரபுத்துவம், பங்குச்சந்தை என்று எல்லாவற்றையும் தொட்டிருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் எதுவும் கையில் நிற்காது. அவருடைய எழுத்து முழுக்க ஓடும் ஒரு கேள்வி உண்டு. பெரிய நிறுவனங்கள் ஆளும் பொருளாதாரத்தில் உபரி, அதாவது உற்பத்தி செய்ததில் செலவு போக மிஞ்சுவது, பெருகிக்கொண்டே போகிறது, அந்த உபரி எங்கே போய்ச் சேர்கிறது? இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எதைப் படித்தாலும், இந்தக் கேள்விக்கு அது என்ன பதில் தருகிறது என்று பாருங்கள்.

பாடப்புத்தகப் படமும் இங்கேதான் பொருந்துகிறது. சந்தையில் சில பெரிய கம்பெனிகள் மட்டும் இருக்கும்போது, ஒருவர் விலையைக் குறைத்தால் மற்றவர்களும் குறைப்பார்கள், ஒருவர் ஏற்றினால் மற்றவர்கள் பின்தொடர மாட்டார்கள். அதனால் விலையைத் தொட யாருக்கும் மனம் வராது. 1939 ஆகஸ்டில் ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் எகானமி’யில் வந்த ஸ்வீசியின் ஆறு பக்கக் கட்டுரை சொன்னது இதைத்தான். சரி, விலை இறங்காது, ஆனால் உற்பத்திச் செலவு மட்டும் தொழில்நுட்பத்தால் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் என்ன ஆகும்? இடைவெளி விரிந்துகொண்டே போகும். 27 ஆண்டுகள் கழித்து அவரும் பால் பாரனும் எழுதி வந்த ‘மோனோபொலி கேப்பிடல்’ நூலின் மையமே இந்த இடைவெளிதான்.

2. காசு செலவழிக்குமுன் இலவசமாகக் கிடைப்பதைப் படியுங்கள்

முதல் மூன்று வாரத்துக்கு ஒரு ரூபாயும் தேவையில்லை. பத்திரிகையின் இணையதளத்தில் பழைய கட்டுரைகள் நிறையவே திறந்து கிடக்கின்றன. இந்த வரிசையில் எடுங்கள்.

முதலில், ஐன்ஸ்டைன் எழுதிய ‘வொய் சோஷலிசம்?’. 1949 மே முதல் இதழுக்காக எழுதப்பட்டது. அரை மணி நேரத்தில் படித்து முடிக்கலாம். அந்தப் பத்திரிகை யாரை நோக்கிப் பேச விரும்பியது, எந்த அளவுக்கு எளிமையாகப் பேச விரும்பியது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, ஸ்வீசி 1997 செப்டம்பரில் எழுதிய ‘மோர் ஆர் லெஸ் ஆன் குளோபலைசேஷன்’. சில பக்கங்களே வரும் சின்னக் குறிப்பு. 1974-75 மந்தத்துக்குப் பிறகு முதலாளித்துவத்தில் மூன்று போக்குகள் முக்கியம் என்கிறார்: ஒட்டுமொத்த வளர்ச்சி வேகம் குறைந்தது, ஏகபோகத் தன்மையுள்ள பன்னாட்டு நிறுவனங்கள் உலகெங்கும் பெருகியது, மூலதனத் திரட்சி நிதிமயமானது (உற்பத்தியைவிடக் கடன், பங்கு போன்ற நிதி வழிகளில் பணம் குவிவது). மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பது அவர் வாதம். உலகமயமாக்கல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், 87 வயதில், அதை மறுத்து இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால் ஸ்வீசியை முதன்முதலாகப் படிப்பவர் கையில் கொடுக்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவதாக, 1982 ஜூன் இதழில் வந்த ‘வொய் ஸ்டாக்னேஷன்?’. ஹார்வர்டில் மாணவர்கள் முன் பேசிய பேச்சு. 1930-களின் பெருமந்தத்தில் தான் மாணவராக இருந்ததிலிருந்து பேசத் தொடங்குகிறார். முதிர்ந்த முதலாளித்துவம் தேங்கிக் கிடப்பதற்குத் தனியாக விளக்கம் தேவையில்லை, அது சில காலம் வேகமாக வளர்ந்தது ஏன் என்பதற்குத்தான் விளக்கம் தேவை என்று கேள்வியைத் திருப்பிப்போடுகிறார். இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். இது பிடிபட்டால் பெரிய நூல்களில் பாதி வேலை முடிந்த மாதிரி.

பொருளாதாரமே புதிது என்பவர்கள், இவற்றுக்கும் முன்னால் ஹூபர்மன் 1936-இல் எழுதிய ‘மேன்ஸ் வேர்ல்ட்லி குட்ஸ்’ நூலை எடுங்கள். எளிய ஆங்கிலம், கதை மாதிரி ஓடும்.

3. சந்தாவும் பணம் கட்டுவதும்

சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான். பத்திரிகை அமெரிக்காவிலிருந்து வருவதால் கட்டணம் டாலரில். கட்டணம் அவ்வப்போது மாறுவதால், கட்டும் நாளில் உள்ள விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியவை இவை.

அச்சு இதழை வெளிநாட்டு முகவரிக்கு வரவழைத்தால் தபால் செலவும் சேர்ந்துகொள்ளும். வந்து சேரவும் வாரக்கணக்கில் ஆகும். படிக்க மட்டும்தான் வேண்டும் என்றால் டிஜிட்டல் சந்தா போதும். பழைய இதழ்களின் தொகுப்பும் அதில் அடங்குமா என்று கட்டுமுன்பே பாருங்கள். நமக்கு வேண்டியது புதிய இதழைவிடப் பழையவைதான்.

நம்மூர் டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் மூடியே இருக்கும். வங்கி ஆப்பில் போய் அதைத் திறந்து, ஒரு வரம்பும் வைத்துவிட்டு, பணம் போனதும் திரும்ப மூடிவிடுங்கள். டாலர் மதிப்புக்கு மேல் வங்கி ஒரு மாற்றுக் கட்டணம் பிடிக்கும். பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகவே திரையில் தெரியும் தொகையைவிடக் கொஞ்சம் கூடப் போகும். தானாகப் புதுப்பிக்கும் வசதி இயங்குகிறதா என்று பார்த்து, வேண்டாமென்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். ரசீதைப் பி.டி.எஃப்.பாகச் சேமித்து வையுங்கள். ஆய்வு உதவித்தொகையிலோ கல்லூரி நிதியிலோ திரும்பக் கேட்பதானால் ரசீதும் வங்கிக் கணக்குப் பக்கமும் இரண்டும் கேட்பார்கள்.

ஆண்டுக்கு 11 இதழ்கள்தான். ஜூலையும் ஆகஸ்டும் சேர்ந்து ஒரே இதழாக வரும். ஆகஸ்ட் இதழ் வரவில்லை என்று புகார் எழுத வேண்டாம்.

ரூபாயில் வாங்க விரும்புபவர்களுக்கு இன்னொரு வழி. மேற்கு வங்கம் கரக்பூரிலிருந்து ‘அனலிட்டிக்கல் மன்த்லி ரிவியூ’ என்ற இந்தியப் பதிப்பு 2003-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்க இதழின் கட்டுரைகளோடு இந்திய நிலவரம் பற்றிய தலையங்கமும் அதில் இருக்கும். பணம் அனுப்புமுன் அப்போதைய சந்தா நிலவரத்தைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. நூலகத்துக்குப் போகும்போது

நூல்களை எல்லாம் விலை கொடுத்து வாங்குவது கட்டுப்படியாகாது. இறக்குமதிப் பதிப்புகள் ஒவ்வொன்றும் ஆயிரத்தைத் தாண்டும். முதலில் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் கேட்டலாக்கில் தேடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் அடையாறு வளர்ச்சி ஆய்வு நிறுவனம், சேப்பாக்கம் சென்னைப் பல்கலைக்கழகம், கன்னிமாரா மூன்றிலும் தேடிப் பார்க்கலாம். எழுத்துக்கோர்வை ஒரே மாதிரி இருக்காது என்பதால் ஆசிரியர் பெயரில் ஒரு தடவை, நூல் பெயரில் ஒரு தடவை தேடுங்கள்.

நேரில் போகும்போது ஆதார் நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ, துறைத்தலைவரோ வழிகாட்டியோ லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்ட கடிதம் ஆகியவை கையில் இருக்கட்டும். கடிதத்தில் ‘ஆய்வுக்காக’ என்று பொதுவாக எழுதாமல், எந்த நூல், எந்த ஆண்டு இதழ் என்று எழுதி வாங்குங்கள். பழைய இதழ்க் கட்டுகள் உள்ளறையில் இருக்கும். எடுத்துத் தரவே அரை நாள் ஆகலாம், எனவே முந்தின நாளே போன் செய்து சொல்லிவிடுவது நல்லது. மதிய உணவு இடைவேளையில் கவுன்டர் மூடியிருக்கும், காலையில் போய்விடுங்கள். நூலகங்கள் நூல்களைப் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பான டெல்நெட்டில் உங்கள் நூலகம் உறுப்பினராக இருந்தால் வேறு நூலகத்துப் பிரதியைக் கேட்டு வரவழைக்கச் சொல்லலாம். இதற்கும் வாரக்கணக்கில் நேரம் கொடுங்கள்.

1939 கட்டுரை ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தொகுப்புத் தளத்தில் இருக்கிறது. கல்லூரி வழியாக அனுமதி இல்லாதவர்களும் சொந்தமாக இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். டவுன்லோட் செய்ய முடியாது, குறிப்பெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்டர்நெட் ஆர்க்கைவில் சில பழைய பதிப்புகள் ஒரு மணி நேர இரவலாகக் கிடைக்கும். நேரம் முடிந்ததும் திரும்ப எடுக்கலாம், ஆனால் நடுவில் வேறொருவர் எடுத்துவிட்டால் காத்திருக்க வேண்டும்.

5. ‘தியரி ஆஃப் கேப்பிடலிஸ்ட் டெவலப்மென்ட்’ – இரண்டு மாதம்

1942-இல் வந்த நூல். மார்க்சின் பொருளியலை ஆங்கிலத்தில் முறையாக அறிமுகப்படுத்திய நூல்களில் இதைப்போலத் தெளிவானது குறைவு. நான்கு பகுதிகள்: மதிப்பும் உபரி மதிப்பும், திரட்சி, நெருக்கடிகள், ஏகாதிபத்தியம்.

முதல் அத்தியாயம் மார்க்சின் முறை பற்றியது. தவிர்க்காமல் படியுங்கள். மதிப்பு விலையாக மாறும் சிக்கலைப் பேசும் 7-ஆம் அத்தியாயத்தில் சமன்பாடுகள் வரும். நிறைய பேர் நூலை மூடி வைக்கும் இடம் அது. முதல் வாசிப்பில் அதைத் தாண்டிப் போங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 8-ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்கும் நெருக்கடிப் பகுதிதான் பிற்கால ஸ்வீசிக்கு வாசல். பக்கத்தில் ‘மூலதனம்’ இருந்தால் நல்லது. தியாகு மொழிபெயர்ப்பில் தமிழிலேயே இருக்கிறது. ஸ்வீசி காட்டும் இடங்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலே போதும், முழுவதும் படித்துவிட்டு வருகிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள்.

6. ‘மோனோபொலி கேப்பிடல்’ – இங்கே நிதானமாக இருங்கள்

ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த பால் பாரனும் ஸ்வீசியும் சேர்ந்து எழுதியது. 1964-இல் பாரன் இறந்தார், நூல் 1966-இல் வந்தது. 11 அத்தியாயங்கள், ஒரு பின்னிணைப்பு. வாரம் ஓர் அத்தியாயம் என்று வையுங்கள்.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது. இந்நூலில் வரும் உபரியும் மார்க்சின் உபரி மதிப்பும் (தொழிலாளி தன் கூலிக்கு மேல் உழைத்து உண்டாக்கும் மதிப்பு) ஒன்றல்ல. ஒரு சமூகம் உற்பத்தி செய்வதற்கும் அதை உற்பத்தி செய்ய ஆகும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இவர்கள் உபரி என்கிறார்கள். லாபம், வட்டி, வாடகை மட்டுமல்ல, விளம்பரச் செலவின் ஒரு பகுதியும் அரசு செலவும்கூட இதில் வந்துவிடும். இதைக் கலந்து புரிந்துகொண்டால் பின்னிணைப்பின் கணக்கு தலைகீழாகத் தெரியும். ஜோசப் ஃபிலிப்ஸ் போட்ட அந்தக் கணக்குப்படி அமெரிக்காவின் மொத்த தேசிய உற்பத்தியில் உபரியின் பங்கு 1929-இல் 46.9 சதவீதம், 1963-இல் 56.1 சதவீதம். லாப விகிதம் 56 சதவீதம் என்று இதை எழுதும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். லாப விகிதம் வேறு, இது வேறு.

2, 3-ஆம் அத்தியாயங்கள் அடித்தளம். முதல் படியில் பார்த்த விலை–செலவு இடைவெளி 3-இல் விரிவாக வருகிறது. 4 முதல் 7 வரை ஒரே கேள்விக்கு நான்கு பதில்கள். முதலாளிகளின் நுகர்வும் முதலீடும், விற்பனை முயற்சி, அரசின் குடிமைச் செலவு, ராணுவமும் ஏகாதிபத்தியமும் என்று உபரியை உறிஞ்சும் வாய்க்கால்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள்.

இதில் 5-ஆம் அத்தியாயத்தை அவசரப்படாமல் படியுங்கள். விளம்பரம் என்பது சரக்கு தயாரானபின் ஒட்டும் லேபிள் மட்டுமல்ல, சரக்குக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது என்று காட்டுகிறார்கள். கார் உதாரணம் பாருங்கள். ஃபிஷர், கிரிலிச்சஸ், கேசன் என்ற மூன்று பொருளியலாளர்கள், 1949 மாடல் காரையே தொடர்ந்து செய்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஆண்டுதோறும் மாடல் மாற்றியதன் செலவு 1956 முதல் 1960 வரை ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர் என்று வந்தது. அவர்கள் மார்க்சியர்கள் அல்ல. ஆனால் அந்தக் கணக்கை எடுத்து, உற்பத்திச் செலவு என்று நாம் எழுதுவதற்குள்ளேயே எவ்வளவு விற்பனைச் செலவு ஒளிந்திருக்கிறது என்று ஸ்வீசியும் பாரனும் கேட்கிறார்கள். உங்கள் செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். கேமராவின் இடத்தையும் உடம்பின் நிறத்தையும் மாற்றிப் புது மாடல் என்று வருவதெல்லாம் கண்ணில் படும்.

புள்ளிவிவரங்கள் 1960-களின் அமெரிக்காவுக்கானவை. அப்படியே எடுத்து இந்தியாவுக்குப் பொருத்தக் கூடாது. நம் பக்கம் பற்றிப் படிக்க வேண்டுமானால் பாரன் 1957-இல் எழுதிய ‘பொலிட்டிக்கல் எகானமி ஆஃப் க்ரோத்’ நூலின் 5-ஆம் அத்தியாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவிலிருந்து செல்வம் வெளியேறியதையும், காலனியாகாமல் தப்பிய ஜப்பானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டால்கூடப் போதும்.

7. 1966-இல் நின்றுவிடாதீர்கள்

1968-இல் ஹூபர்மன் இறந்தபின் பொருளியலாளர் ஹாரி மேக்டாஃப் ஸ்வீசியோடு ஆசிரியராகச் சேர்ந்தார். இருவரும் மாதாமாதம் எழுதிய தலையங்கக் கட்டுரைகள்தான் என் பார்வையில் பத்திரிகையின் உண்மையான சொத்து. கடன், பங்குச்சந்தை, ஊக வணிகம் எல்லாம் உற்பத்தியிலிருந்து கழன்று வீங்குவதைப் பற்றி, பொருளாதாரத் துறையில் யாரும் கண்டுகொள்ளாத காலத்தில் எழுதினார்கள். தொகுப்புகளில் 1987-இல் வந்த ‘ஸ்டாக்னேஷன் அண்ட் தி ஃபினான்ஷியல் எக்ஸ்ப்ளோஷன்’ ஒன்றை முதலில் எடுங்கள்.

அதோடு சேர்த்து 1991 டிசம்பரில் ஸ்வீசி எழுதிய ‘மோனோபொலி கேப்பிடல் ஆஃப்டர் ட்வென்டி ஃபைவ் இயர்ஸ்’ கட்டுரையையும் கட்டாயம் படியுங்கள். தங்கள் நூல் எதைச் சரியாகச் சொன்னது, நிதித்துறையின் வளர்ச்சியை எப்படிப் பார்க்கத் தவறியது என்று அவரே சொல்கிறார். 1966 நூலை மட்டும் வைத்து ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்கள் இதைப் பார்க்காமல் விட்டால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே இதுவாக இருக்கும்.

8. எதிர்த்தரப்பையும் படியுங்கள்

மூன்று இடங்கள் போதும். ஒன்று, நிலப்பிரபுத்துவம் முதலாளித்துவமாக மாறியது எப்படி என்று பிரிட்டிஷ் மார்க்சியப் பொருளியலாளர் மாரிஸ் டாப்போடு ஸ்வீசி நடத்திய விவாதம். 1950-இல் ‘சயின்ஸ் அண்ட் சொசைட்டி’ இதழில் தொடங்கியது. வணிகமும் நகரமும் வெளியிலிருந்து உடைத்தன என்று ஸ்வீசியும், உள்ளேயிருந்த வர்க்க உறவே உடைந்தது என்று டாப்பும் வாதிட்டார்கள். ராட்னி ஹில்டன் முன்னுரையோடு 1976-இல் வந்த தொகுப்பில் எல்லாம் ஒன்றாக இருக்கிறது. இரண்டு, ஸ்வீசியின் இந்த நிலைப்பாட்டைப் பற்றி வரலாற்றாசிரியர் ராபர்ட் பிரென்னர் 1977-இல் ‘நியூ லெஃப்ட் ரிவியூ’வில் எழுதிய கடுமையான விமர்சனம். மூன்று, உழைப்பு நடக்கும் இடத்தையே ‘மோனோபொலி கேப்பிடல்’ பேசவில்லை என்ற குறை. நூலாசிரியர்களே முன்னுரையில் இதை ஒப்புக்கொள்கிறார்கள். அந்த வெற்றிடத்தை 1974-இல் ஹாரி பிரேவர்மன் ‘லேபர் அண்ட் மோனோபொலி கேப்பிடல்’ நூலில் நிரப்பினார். ஸ்வீசிதான் அதற்கு முன்னுரை எழுதினார். தொழிற்சங்க வேலையில் இருப்பவர்கள் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் பிரேவர்மனிடமே நேராகப் போகலாம்.

9. மேற்கோள் காட்டுமுன் சரிபாருங்கள்

ஆலன் ஸ்வீசி என்று ஒருவர் உண்டு. பாலின் அண்ணன், அவரும் பொருளியலாளர், அவரும் ஹார்வர்டு. இரண்டு ஆசிரியர்களின் பணியை நீட்டிக்காததால் 1937-இல் ஹார்வர்டில் பெரிய சர்ச்சையான வால்ஷ்–ஸ்வீசி விவகாரம் ஆலனைப் பற்றியது. வெறும் ‘ஸ்வீசி’ என்று பார்த்துவிட்டுப் பால் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பாலின் வழக்கு வேறு. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் 1954-இல் நடத்திய வகுப்பில் என்ன பேசினார் என்று மாநில அட்டர்னி ஜெனரல் கேட்டதற்குப் பதில் சொல்ல மறுத்தார். 1957 ஜூன் 17-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கல்விச் சுதந்திரம் பற்றி எழுதுபவர்கள் இன்றும் காட்டும் தீர்ப்பு அது. முழுத் தீர்ப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. நீதிபதி ஃப்ராங்ஃபர்ட்டர் எழுதிய தனிக் கருத்தையும் தலைமை நீதிபதி வாரன் எழுதியதையும் கலக்காமல், யார் வரி என்று பார்த்து எழுதுங்கள்.

‘எம்.ஆர். ஆன்லைன்’ என்பது பத்திரிகையின் துணைத்தளம். பல இடங்களிலிருந்து எடுத்துப் போடும் கட்டுரைகளும் அதில் இருக்கும். அதை ‘மன்த்லி ரிவியூ’ இதழ் என்று அடிக்குறிப்பில் போடக் கூடாது. அப்புறம், இன்றைய ஆசிரியர் ஜான் பெல்லமி ஃபாஸ்டர் சூழலியல் பற்றி எழுதுவதையெல்லாம் ஸ்வீசி சொன்னதாக எழுதாதீர்கள். தொடர்ச்சி இருக்கிறது, ஆனால் கருத்து யாருடையதோ அவர் பெயரில்தான் வர வேண்டும்.

‘மோனோபொலி கேப்பிடல்’ நூலுக்கு அமெரிக்கப் பதிப்பும் பெலிகன் பதிப்பும் உண்டு. பக்க எண்கள் ஒத்துவராது. எந்தப் பதிப்பு என்று எழுதி, அத்தியாய எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

10. குழுவாகப் படிப்பதாக இருந்தால்

நான்கைந்து பேர் சேர்ந்தால் டிஜிட்டல் சந்தாவை ஒருவர் எடுத்து, கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டு, ஒன்றாக உட்கார்ந்து திரையில் படிக்கலாம். கோப்பை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் பத்திரிகை வாசகர் சந்தாவை நம்பித்தான் நடக்கிறது, முடிந்தவர்கள் தனியாகவே கட்டுவதுதான் நியாயம். கூட்டத்துக்கு ஓர் அத்தியாயம், அதை ஒருவர் இரண்டு பக்கத்தில் தமிழில் சுருக்கி எழுதிக்கொண்டு வர வேண்டும் என்ற ஒரே விதி போதும். ‘மோனோபொலி கேப்பிடல்’ முடியும்போது உங்கள் கையில் இருபது பக்கத்துக்குமேல் தமிழ்க் குறிப்பு சேர்ந்திருக்கும். அடுத்து வரும் குழுவுக்கு அதைக் கொடுங்கள், அவர்கள் நேராக 2-ஆம் அத்தியாயத்தில் இறங்கலாம்.